கடல்கன்னி வாலுக்கு எந்த அச்சு? பிஓபி, ஃபைபர், தட்டை அச்சு: செட்டிநாட்டு வெயிலில் ஒரு மதிப்பீடு

காலில் மாட்டி நீந்துகிற சிலிக்கோன் கடல்கன்னி வாலை வார்க்க எந்த அச்சு என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு வால் வார்க்கப் போகிறீர்கள் என்றால் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) அச்சு போதும், அதுவே நல்லதும்கூட. மூன்று நான்கு வால் வேண்டும், இல்லை அச்சை வண்டியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் ஃபைபர் (ரெசினில் தோய்த்த கண்ணாடியிழை). சிலிக்கோனையே இதுவரை தொட்டதில்லை என்றால் முழு வாலுக்குப் போகாமல், ஆத்தங்குடித் தரைக்கல் வார்க்கிற பாணியில் ஒரு தட்டை அச்சில் தொடங்குங்கள். சிமெண்ட் அச்சு வேண்டாம். எடை அதிகம், ஓரம் உதிரும், கெட்டிப்பட ஒரு வாரம் தண்ணீரில் ஊற வேண்டும். இத்தனைக்கும் பிறகு பிஓபி தருகிற நுணுக்கம் அதில் வராது.

வாலுக்குள் போகும் சிலிக்கோன்தான் மொத்தச் செலவில் பெரும்பங்கு. பிஓபி மூட்டை சில நூறு ரூபாய்; பிளாட்டினம் வகைச் சிலிக்கோன் (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது) கிலோவுக்கே ஆயிரங்கள். அச்சில் செய்கிற கஞ்சத்தனம் முழுவதும் சிலிக்கோனில் நட்டமாகத் திரும்பும். அதனால் இங்கே ஒவ்வொரு அச்சையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறது: உள்ளே பூசுகிற பத்து கிலோ சிலிக்கோன் முழுதாக இறுகி, கிழியாமல் வெளியே வருமா?

பத்து கிலோ என்பது குத்துமதிப்பு இல்லை, கணக்கு. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 110 செ.மீ., சராசரிச் சுற்றளவு 75 செ.மீ. என்று வைத்தால் உடல் பகுதியின் பரப்பு 8,250 சதுர செ.மீ. தோல் தடிப்பு 4.5 மி.மீ. என்றால் சுமார் 3.7 லிட்டர், அதாவது 4 கிலோ. துடுப்பு ஒரு பக்கம் 3,000 சதுர செ.மீ., இரண்டு பக்கமும் 8 மி.மீ. தடிப்பு என்றால் 4.8 லிட்டர், அதாவது 5 கிலோவுக்குச் சற்று மேல். வாளியிலும் தூரிகையிலும் ஒட்டி வீணாவது ஒரு கிலோ. உங்கள் அளவுகளைப் போட்டு இந்தக் கணக்கை முதலில் முடித்துவிட்டுப் பிறகு பொருள் வாங்குங்கள். பாதிப் பூச்சில் சிலிக்கோன் தீர்ந்தால் அடுத்த பார்சல் வரும்வரை அச்சு காத்திருக்கும். முதல் பூச்சில் தூசி படியும்.

மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்

அச்சு நல்லதா கெட்டதா என்பது அதற்குள் இருந்த மண் உருவத்தைப் பொறுத்தது. செட்டிநாட்டில் இதற்குக் குறைவில்லை. கண்மாய் மண்ணில் குதிரை செய்கிற வேளார் கைகளும், பக்கத்து மானாமதுரையில் கடம் செய்கிற கைகளும் பழகிய மண் அது. வாலுக்கும் அதே மண் ஆகும். ஆனால் ஒரு எச்சரிக்கை: கண்மாயின் அடியில் கிடக்கிற கறுத்த, அழுகிய முட்டை வாடை அடிக்கிற சேறு வேண்டாம். அந்த வாடை கந்தகச் சேர்மத்தின் வாடை. அச்சில் அதன் மிச்சம் ஒட்டியிருந்தால் பிளாட்டினம் சிலிக்கோன் அந்த இடத்தில் இறுகாது. பிசுபிசுவென்று கூழாகவே நிற்கும். மேல்மண்ணை எடுத்து, கரைத்து, சல்லடையில் வடித்து, நாலு நாள் காற்றாட விட்டு, வாடை இல்லை என்று உறுதியான பிறகு பிசையுங்கள். முழு வாலுக்குச் சுமார் 40 கிலோ ஈர மண் ஆகும்.

உள்ளே ஒரு கூடு வேண்டும். பழைய கால்சட்டையை அணிந்தவர் மேல் அகலமான ஒட்டும் பட்டையைச் சுற்றி, முதுகுப் பக்கம் வெட்டிக் கழற்றி, உள்ளே தெர்மோகோல் திணிப்பது எளிய வழி. யாரும் காலின் மேல் பிஓபியை நேரடியாகப் பூசி அளவு எடுக்க வேண்டாம். தடித்த பிஓபி இறுகும்போது 60 டிகிரி வரை சூடேறும். தோல் வெந்துபோகும், இறுகிய பிறகு கழற்றவும் முடியாது.

கூட்டின் அளவில் பலர் சறுக்குகிறார்கள். நீங்கள் செதுக்குவது வாலின் வெளிமுகம். சிலிக்கோன் அந்த முகத்திலிருந்து உள்நோக்கி 4 முதல் 5 மி.மீ. வளரும். ஆகவே மண்ணின் வெளிமுகம் உடலிலிருந்து 5 மி.மீ. தள்ளித்தான் இருக்க வேண்டும். ஆனால் செதில் செதுக்க 1.5 செ.மீ. மண் தேவை. எனவே கூட்டையே எல்லாப் பக்கமும் 1 செ.மீ. இளைக்க வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு உடல் அளவுக் கூட்டின் மேலேயே 1.5 செ.மீ. மண் அப்பினால் இடுப்புச் சுற்றளவு 6 செ.மீ.க்கு மேல் கூடிவிடும். அந்த வால் தண்ணீரில் பை மாதிரி உப்பி, உள்ளே நீர் புகுந்து, ஒவ்வொரு உதைக்கும் இழுக்கும். துடுப்புக்கு 6 மி.மீ. பிளைவுட்டில் வடிவம் அறுத்து இரு பக்கமும் மண் அப்பினால் நடுவில் வளையாது.

செதில்களைத் துடுப்புப் பக்கத்திலிருந்து இடுப்பை நோக்கி வரிசை வரிசையாக ஏற்றுங்கள்; மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் கவியட்டும். இடுப்பில் 4 செ.மீ. அகலத்தில் தொடங்குவது கணுக்காலில் 1.5 செ.மீ. ஆகக் குறையட்டும். முழு வாலுக்கு ஏறக்குறைய 1,600 செதில். செதிலின் ஓரத்துக்கு அடியில் கத்தி நுழைகிற பள்ளம் 2 மி.மீ. போதும். அதற்கு மேல் குடைந்தால் சிலிக்கோன் வளைந்து வந்துவிடும். ஆனால் பிஓபியின் மெல்லிய நாக்கு ஒடிந்து சிலிக்கோனுக்குள் தங்கிவிடும்.

பங்குனி, சித்திரையில் கண்மாய் மண்ணுக்கு எதிரி காற்று. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நீர் தெளிக்காவிட்டால் செதில் ஓரம் வெளிறும், பிறகு மயிரிழை வெடிப்பு. வேலை செய்யாத பகுதியை ஈரத் துணியும் அதன் மேல் பாலிதீனும் போட்டு மூடுங்கள். வளவின் (செட்டிநாட்டு வீட்டின் முற்றக் கட்டு) தாழ்வாரத்தில் வேலை செய்வதானால் முற்றத்து வெயில் நகர நகர மேசையையும் நகர்த்த வேண்டியிருக்கும். இரண்டாங்கட்டின் உள்ளறை அதைவிட நல்லது.

எண்ணெய்க் களிமண் காயாது, வெடிக்காது. ஆனால் கந்தகம் இல்லாத வகை என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எழுதுபொருள் கடைகளில் குழந்தைகளுக்கு விற்கிற வண்ணக் களிமண்ணைச் சோதிக்காமல் நம்ப வேண்டாம்.

பிஓபி: பத்துக்கு எட்டரை

இரண்டு பாதி அச்சு, முன்பக்கம், பின்பக்கம். பிரிகோடு இடுப்பின் பக்கவாட்டில் இறங்கித் துடுப்பின் விளிம்பில் சுற்றி வரட்டும். 3 செ.மீ. தடிப்பும் 6 செ.மீ. அகல விளிம்பும் வைத்தால் 55 கிலோ தூள், 36 லிட்டர் தண்ணீர். வீணாவதற்கும் சேர்த்து 25 கிலோ மூட்டை மூன்று. நூறு பங்கு தூளுக்கு 65 பங்கு தண்ணீர், எடைக் கணக்கில். தண்ணீர் கூடினால் அச்சு பொலபொலத்துப் போகும். குறைந்தால் செதில் ஓரத்தில் காற்றுக் குமிழி சிக்கும்.

கடையில் கேட்கும்போது கவனம். சுவருக்குப் பூசுகிற ஜிப்சம் பிளாஸ்டர் வேறு. அதில் இறுகுவதைத் தாமதப்படுத்தும் பொருளும் இலேசான கனிமத் துகளும் கலந்திருக்கும். அச்சின் முகம் சொரசொரப்பாக வரும். ஃபால்ஸ் சீலிங்கில் பூ வார்க்கிற பிஓபிதான் வேண்டும். மூட்டை புதிதாக இருக்கட்டும். மழைக்காலம் முழுக்கத் திறந்து கிடந்த மூட்டை ஈரம் குடித்திருக்கும்; அது கட்டி கட்டியாகக் கலந்து, அரைகுறையாக இறுகும்.

தண்ணீரும் முக்கியம். உப்புக் கரிக்கிற ஆழ்குழாய்த் தண்ணீர் பிஓபியை வேகமாக இறுக்கும். காயும்போது அந்த உப்பு அச்சின் முகத்துக்கு ஏறி வெள்ளைப் பூஞ்சை மாதிரி பூக்கும். செதிலின் கூர்மை அங்கே போய்விடும். ஊருணித் தண்ணீரோ குடிநீரோ பயன்படுத்துங்கள். முந்தின கலவையின் மிச்சம் ஒட்டிய வாளியும் இதே கெடுதலைச் செய்யும். ஒவ்வொரு கலவைக்கும் வாளியைச் சுரண்டிக் கழுவ வேண்டும். வெயிலில் கை முந்தவில்லை என்றால் கிலோ தூளுக்கு ஒரு கிராம் எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம். கூடினால் அச்சு பலம் இழக்கும்.

ஐந்து கிலோ தூள், மூன்றேகால் லிட்டர் தண்ணீர் என்று சிறு சிறு கலவையாகப் போடுங்கள். தண்ணீரில்தான் தூளைத் தூவ வேண்டும், தூளில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இரண்டு நிமிடம் ஊற விட்டு, கையை அடியில் வைத்துக் கலக்கினால் குமிழி குறையும். முதல் பூச்சு 5 மி.மீ.; மெல்லிய தூரிகையால் செதில் இடுக்குகளில் தட்டித் தட்டி இறக்கிவிட்டு, பிறகு கையால் தெளித்து மூடுங்கள். இந்தப் பூச்சில் நாரே வேண்டாம். முகத்தில் நார் தெரியும். இரண்டாவது பூச்சிலிருந்து தேங்காய் நாரோ சாக்குத் துண்டோ பிஓபியில் தோய்த்துக் குறுக்கும் நெடுக்குமாகப் போடலாம். இடுப்பு விளிம்பு, கணுக்கால், துடுப்பு பிரிகிற கவை: ஒடிவது எப்போதும் இந்த மூன்று இடம். அங்கே இரட்டைச் சாக்கு.

முதல் பாதி இறுகியதும் அதன் விளிம்பில் பணியாரக் குழி போல அரைக்கோளப் பள்ளங்கள் பன்னிரண்டு குடையுங்கள், 2.5 செ.மீ. அகலம். இரண்டாம் பாதி அதில் இறங்கி உட்கார்ந்தால் அச்சு ஒருபோதும் நகராது. விளிம்பு முழுக்க வாசலின் தடவ மறந்தால் இரண்டு பாதியும் ஒரே கல்லாகிவிடும். உளி போட்டுப் பிரித்தால் செதில் பிரியும், அச்சு பிரியாது. ஈர மண்ணுக்கும் பிஓபிக்கும் நடுவே எதுவும் தடவத் தேவையில்லை. மரையாணிக்கு விளிம்பிலேயே அரை அங்குலப் பிவிசி குழாய்த் துண்டுகளை நட்டுவிட்டால் பிறகு துளை போட வேண்டாம். திருப்பும்போது மண்ணும் அச்சும் சேர்ந்து 85 கிலோவுக்கு மேல். நாலு பேர் வேண்டும்.

இனி உலர்த்தல். அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான். இறுகிய பிஓபி காய்ந்த பிஓபி இல்லை. ஊற்றிய 36 லிட்டரில் 10 லிட்டர் அளவு கல்லோடு கல்லாகச் சேர்ந்துவிடும். மீதி 26 லிட்டர் ஆவியாகித்தான் போக வேண்டும். ஒரு பாதி 45 கிலோவில் தொடங்கி 33 வரை இறங்கும். தொங்கு தராசில் நாளுக்கு ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு நாள் எடை மாறாமல் நின்றால் காய்ந்தது. தராசு இல்லாவிட்டால் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். கோடையில் தாழ்வாரக் காற்றில் ஒரு வாரம். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று வாரம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடியில் போடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து நீளமான அச்சு வளையும். தளத்தின் சூடு 50 டிகிரியைத் தாண்டினால் மெல்லிய ஓரம் மாவாக உதிரத் தொடங்கும். காய்ந்த பின் தெளிந்த அக்ரிலிக் ஸ்பிரே மூன்று பூச்சு, அதன் மேல் அச்சு விடுப்புத் திரவம் (வார்ப்பு ஒட்டாமல் கழல உதவுவது) மெல்லியதாக. வாசலினைத் தடிப்பாகத் தடவினால் செதில் கோடு மழுங்கும்.

ஒன்றரை மதிப்பெண் குறைத்தது எடைக்கும் காத்திருப்புக்கும். காய்ந்த அச்சு 65 கிலோ.

சிலிக்கோன்: டிராகன் ஸ்கின் 10, அதிலும் எந்த வகை?

மெழுகுவர்த்தி அச்சுக்கும் பொம்மை அச்சுக்கும் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் டின் (வெள்ளீய வினையூக்கியால் இறுகுகிற) வகைச் சிலிக்கோன். கூட வருகிற புட்டியில் 2 முதல் 5 சதவீதம் மட்டும் கலக்கச் சொன்னால் அது டின் என்று கொள்ளுங்கள். தோலில் மணிக்கணக்காகப் படுகிற வாலுக்கு அது ஆகாது. சில வருடங்களில் தானே நொறுங்கவும் செய்யும். இரண்டு பாகத்தையும் சரிக்குச் சரி கலக்கிற பிளாட்டினம் வகைதான் வேண்டும். டின் சிலிக்கோனில் செதில் முத்திரை செய்து வைத்திருப்பவர்கள் அந்த முத்திரை மேல் பிளாட்டினம் ஊற்றினாலும் இறுகாது.

வால் செய்பவர்கள் அதிகம் எடுப்பது ஸ்மூத்-ஆன் நிறுவனத்தின் டிராகன் ஸ்கின் 10. மென்மை ஷோர் ஏ 10 (இந்த அளவுகோலில் எண் குறைந்தால் மென்மை கூடும்), அறுவதற்கு முன் நீள்வது 1000 சதவீதம். இடுப்புக்கும் முழங்காலுக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. துடுப்புக்கு டிராகன் ஸ்கின் 20 சற்று விறைப்பாக நிற்கும்; மோனோஃபின் (இரு காலையும் ஒன்றாக மாட்டுகிற நீச்சல் துடுப்பு) விளிம்பு உள்ளிருந்து குத்தும்போது தாங்கும்.

நிறுவனம் தருகிற நேரங்கள் 23 டிகிரிக்கானவை. மீடியம் வகையில் கலந்த பிறகு வேலை செய்ய 20 நிமிடம், இறுக 5 மணி. ஸ்லோ வகையில் 45 நிமிடம், 7 மணி. ஃபாஸ்ட் வகையில் 8 நிமிடம்தான். சூடு 10 டிகிரி கூடினால் வினை ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் 35 டிகிரி அறையில் மீடியத்தின் 20 நிமிடம் ஒன்பதாகச் சுருங்கும். மூன்று நிமிடம் கலக்கப் போனால் பூச ஆறு நிமிடம், 110 செ.மீ. வாலுக்கு அது போதாது. ஸ்லோ வாங்குங்கள், இருபது நிமிடம் கிடைக்கும். கோடையில் ஃபாஸ்ட் வகையை வாங்குவது பணத்தை வாளியிலேயே இறுக விடுவது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்தால் எந்த வகையும் இன்னும் கொஞ்சம் இணங்கும். சிலிக்கோன் டப்பாக்களை இரவு முழுக்க மண்தரையில் ஈரச் சாக்கு சுற்றி வைக்கலாம்; மூடியைத் திறக்கும் முன் வெளி ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

ஒரு கலவை 400 கிராம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு கிராம் காட்டுகிற சமையலறைத் தராசில் 200, 200. வாளியின் பக்கமும் அடியும் சுரண்டிக் கலக்க வேண்டும். மூலையில் கலக்காமல் நிற்கிற ஒரு கரண்டி சிலிக்கோன் வாலில் ஒரு நாளும் காயாத புண்ணாக நிற்கும். நிறமிக்கு மொத்த எடையில் 3 சதவீதம் உச்சவரம்பு. முதல் பூச்சு மெல்லியதாக, தூரிகையால் குத்திக் குத்தி. விரல் வைத்தால் ஒட்டும், ஆனால் விரலோடு வராது என்ற பதத்தில் அடுத்த பூச்சு. நான்கு பூச்சில் 4.5 மி.மீ. வரும். சரிவான பக்கங்களில் வழிந்து அடியில் குளம் கட்டும். அதற்கென்று விற்கிற கெட்டிப்படுத்தியைச் சில துளி சேர்த்தால் நின்ற இடத்தில் நிற்கும். இடுப்பு வாயில் கடைசிப் பூச்சுக்கு முன் வலைத்துணிப் பட்டை ஒன்றைப் புதைத்துவிடுங்கள். போடும்போதும் கழற்றும்போதும் முதலில் கிழிவது அந்த வாய்தான்.

சிலிக்கோனைக் கெடுக்கிற மற்ற பொருள்கள் எல்லாம் பட்டறையிலேயே கிடக்கும். லேடக்ஸ் கையுறை, அச்சைக் கட்டுகிற சைக்கிள் டியூப் பட்டை, ஓட்டை அடைக்கிற எபாக்சி மக்கு, புதிதாகப் போட்ட பாலியெஸ்டர் ரெசின். சிலிக்கோன் படுகிற எதன் மேலும் முதலில் இருபது கிராம் கலவையை ஊற்றி மறுநாள் பாருங்கள். அடி பிசுபிசுத்தால் அந்தப் பொருள் வேலையிடத்துக்கு வெளியே போகட்டும்.

இரண்டு பாதியை எப்படி ஒட்டுவது? 65 கிலோ அச்சை உருட்டி உருட்டிச் சிலிக்கோனைச் சுழற்ற முடியாது. கணுக்கால் வரை கையும் போகாது. அதனால் பூசும்போதே உடல் பகுதியில் பிரிகோட்டின் இரு பக்கமும் ஒரு செ.மீ. வெறுமையாக விடுங்கள். அச்சை மூடி மரையாணி இறுக்கியதும் உள்ளே 2 செ.மீ. அகல வாய்க்கால் கிடைக்கும். மரத் தொட்டிலில் அச்சைப் பக்கவாட்டில் சாய்த்து, பிரிகோடு கீழே இருக்கும்படி வைத்து, இடுப்பு வாயைக் கொஞ்சம் தூக்கி, நீளக் குழாய் வழியாகச் சிலிக்கோனை ஊற்றினால் அது வாய்க்காலில் தானே ஓடி நிரம்பும். ஒரு பக்கத்துக்கு 120 கிராம் அளவு. இறுகியதும் நாலு பேர் சேர்ந்து ஒரே ஒரு முறை புரட்டி மறுபக்கம். துடுப்புப் பகுதியில் இரு பாதியிலும் மெல்லிய முகப்பூச்சு மட்டும் போட்டு, மூடும் முன்னரே மோனோஃபினை உள்ளே நிறுத்தி, பிறகு அச்சைச் செங்குத்தாக, துடுப்பு கீழே இருக்க நிமிர்த்தி மீதியை ஊற்றி நிரப்ப வேண்டும். மோனோஃபினில் ரப்பர்க் காலுறை இருந்தால் அதைச் சோதிக்காமல் வைக்காதீர்கள். ரப்பரில் கந்தகம் உண்டு.

ஃபைபர்: பத்துக்கு ஏழு, கை தேர்ந்தவருக்கு ஒன்பது

எடைதான் இதன் பெருமை. சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் (கண்ணாடியிழை விரிப்பு) மூன்று அடுக்கு என்றால் மேட் இரண்டரை கிலோவுக்குச் சற்று மேல், ரெசின் ஆறரை கிலோ, முகப்பூச்சு ஜெல்கோட் ஒரு கிலோ. மொத்த அச்சு பத்து கிலோ அளவில் முடியும். இரண்டு பேர் தூக்கி உருட்டலாம்; ஆகவே வாய்க்கால் வித்தை தேவையில்லை, மூடிய அச்சுக்குள் சிலிக்கோனைச் சுழற்றியே இணைப்பை மூடலாம்.

ஆனால் கண்மாய் மண்ணுக்கும் ஃபைபருக்கும் ஒத்துவராது. ஈர முகத்தில் ஜெல்கோட் சரியாக இறுகாமல் சுருங்கிப் புடைக்கும். எண்ணெய்க் களிமண்ணில் உருவம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மண்ணிலிருந்து பிஓபியில் ஒரு மறு உருவம் எடுத்து அதன் மேல் ஃபைபர் போட வேண்டும். வேலை இரட்டிப்பு. ரெசின் இறுகும்போது சுருங்கவும் செய்யும். அவசரப்பட்டு உருவத்திலிருந்து பிரித்தால் நீள விளிம்பு முறுக்கிக்கொண்டு இரு பாதியும் பொருந்தாது. இரண்டு நாள் உருவத்தின் மேலேயே விட்டு, முதுகில் மரச் சட்டம் நாலு கட்டிய பிறகு பிரியுங்கள். புதிய பாலியெஸ்டரில் மிஞ்சுகிற ஸ்டைரீன் பிளாட்டினத்தைக் கெடுக்கும் என்பதால் ஒரு வாரம் வெயிலில் வைத்து, மெழுகும் பிவிஏ திரையும் (தடுப்பாக நிற்கிற மெல்லிய படலம்) பூசிய பிறகே சிலிக்கோன்.

பாதுகாப்பு பற்றி ஒன்று. ரெசினை இறுக்கச் சேர்க்கிற கோபால்ட் திரவத்தையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலந்து முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட். சித்திரை வெயிலில் கேட்டலிஸ்ட் ஒரு சதவீதத்துக்கு மேல் போனால் டப்பாவிலேயே புகையும். அறைக்குள் இந்த வேலை வேண்டாம்.

தட்டை அச்சு: தொடக்கத்துக்கு இதுதான்

ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின் மேல் உலோகச் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்டை அறை அறையாக ஊற்றி, மேலே மணல் சிமெண்ட் நிரப்பிக் கல் எடுப்பார்கள். சூளை இல்லை, மெருகு இல்லை. கண்ணாடியின் பளபளப்பே கல்லின் பளபளப்பு. சிலிக்கோனும் அப்படித்தான்: அச்சின் முகம் மங்கலாக இருந்தால் வாலும் மங்கல், பளபளப்பாக இருந்தால் வாலும் ஈரம் மாதிரி மின்னும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சிலிக்கோன் வெறும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். விடுப்புத் திரவம் இல்லாமல் ஊற்றாதீர்கள்.

முறை எளிது. கண்ணாடி மேல் 60க்கு 40 செ.மீ. மண் தகடு, அதில் செதில். சுற்றிலும் பலகை கட்டி 3 செ.மீ. பிஓபி: 7 கிலோ தூள், நாலரை லிட்டர் தண்ணீர். இரண்டு மூன்று நாளில் காயும். அதில் 3 மி.மீ. சிலிக்கோன் தகடு நான்கு வார்த்தால் ஒரு வாலின் உடல் பகுதிக்கு ஆகும். மொத்தம் மூன்று கிலோ சொச்சம். இறுகும் முன் முதுகில் நீளும் துணியைப் பதித்துவிட்டால் தையல் போடலாம். வெறும் சிலிக்கோனை எந்தப் பசையும் பிடிக்காது, சிலிக்கோன் பசையைத் தவிர.

குறை இரண்டு. எல்லாச் செதிலும் ஒரே அளவு, கணுக்காலில் சிறுக்காது. தகடுகள் சேரும் இடம் கிட்டத்தில் தெரியும். நாடக மேடைக்கும் படத்துக்கும் இது போதும். தினமும் நீந்துகிற வாலுக்கு இணைப்புகள் நிற்காது.

நீந்துவது பற்றியும் சொல்ல வேண்டும். பத்து கிலோ சிலிக்கோன் தரையில் பத்து கிலோ. தண்ணீருக்குள் அதன் எடை 650 கிராம் அளவுதான், ஏனென்றால் அடர்த்தி 1.07. ஆனால் கால் இரண்டும் கட்டுண்டிருக்கும். தரை தெரியாத ஊருணியிலும் கண்மாயிலும் இறங்க வேண்டாம். நீச்சல்குளத்தில், வாலைக் கழற்றத் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மட்டும்.

வால் எடுத்த பிறகு பிஓபி அச்சை இரண்டு பாதியும் சேர்த்து மரையாணி போட்டு, சாய்க்காமல் படுக்க வைத்து, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். தனித்தனியாகச் சாத்தி வைத்த பாதிகள் மழைக்காலத்தில் வளைந்து, தை மாதம் திறக்கும்போது பணியாரக் குழியும் குமிழும் ஒன்றில் ஒன்று இறங்காது.